டயட்டீஷியன் ஆக என்ன படிக்க வேண்டும்? பதிவேட்டிலிருந்து பின்னோக்கி ஒரு முழு வழிகாட்டி

டயட்டீஷியன் ஆகலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் படிப்பில் சேரலாம்?" என்றுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன் இன்னொன்று தெரிய வேண்டும். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள், அங்கே உங்கள் பெயரைத் தொழில்முறைப் பதிவேட்டில் ஏற்றுவது யார்?

பட்டம் தருவது பல்கலைக்கழகம். நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமையைத் தருவது பதிவேடு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பி நான்கு வருடம் படித்துவிட்டு, "உங்கள் படிப்பு எங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லையே" என்ற பதிலை வாங்கியவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். அதனால் இந்த வழிகாட்டி வழக்கமான வரிசையில் போகாது. பதிவில் தொடங்கி, தேர்வு, பயிற்சி, பட்டம், பள்ளிப் பாடம் என்று பின்னோக்கிப் போகும். திட்டம் போடுவதும் அந்த வரிசையில்தான் சரிப்படும்.

படி 1: எந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள்

டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சில் அப்படி இருக்கலாம், சட்டத்தில் பல இடங்களில் இல்லை. பிரிட்டனில் டயட்டீஷியன் என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றமான எச்சிபிசியில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். அதே நாட்டில் நியூட்ரிஷனிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இருப்பது விருப்பத்தின் பேரில் சேரும் பதிவேடு மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. மருத்துவர்களையும் செவிலியர்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பின் கீழ் டயட்டீஷியன்கள் வருவதில்லை. 'டயட்டீஷியன்ஸ் ஆஸ்திரேலியா' என்ற தொழில்முறைச் சங்கம் தரும் 'ஏபிடி' என்ற தகுதிதான் அங்கே நடைமுறையில் செல்லுபடியாகிறது. அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் நோயாளி பணம் திரும்பப் பெற வேண்டுமென்றால் பார்த்தவர் ஏபிடியாக இருக்க வேண்டும். பக்கத்து நியூசிலாந்திலோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி டயட்டீஷியன் வாரியமே இருக்கிறது. இந்தியாவில் 1963இல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கம் 'ஆர்.டி.' (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தகுதியை வழங்கி வருகிறது. 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரையும் தன் தொழில் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இந்த வேறுபாடு படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் நேரடியாக வந்து நிற்கும். 'ஊட்டச்சத்து அறிவியல்' என்ற பெயரில் நல்ல பட்டங்கள் பல உண்டு. ஆய்வுக்கும் உணவுத் தொழிற்சாலை வேலைக்கும் பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கும் அவை போதும். ஆனால் மருத்துவமனைப் பயிற்சி உள்ளே இல்லாத பட்டம் உங்களை டயட்டீஷியன் ஆக்காது. பாடத்திட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், அது எந்தப் பதிவேட்டுக்குக் கொண்டு போய் விடுகிறது என்று பாருங்கள்.

படி 2: அந்தப் பதிவேடு கேட்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

உலக அளவில் ஒரு அடிமட்ட அளவுகோல் இருக்கிறது. உணவியல் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் ஓர் இளநிலைப் பட்டமும், மேற்பார்வையில் 500 மணிநேரப் பயிற்சியும். அது தரை மட்டம்தான். பெரும்பாலான நாடுகள் அதற்கு மேல் கேட்கின்றன.

அமெரிக்காவின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய தகவல் அதிகம் சுற்றிக்கொண்டிருப்பது இதில்தான். 2024 ஜனவரி 1 முதல், பதிவுத் தேர்வுக்கு முதல்முறை தகுதி பெற முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதற்கு முன் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. இன்னும் பல வீடியோக்கள் "டிகிரி, இன்டர்ன்ஷிப், தேர்வு, முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதுநிலைப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம் என்றாலும், உணவியல் பாடங்களும் பயிற்சியும் 'ஏசென்ட்' என்ற அமைப்பு அங்கீகரித்த திட்டத்தின் வழியே வந்திருக்க வேண்டும். பயிற்சி குறைந்தது 1000 மணிநேரம். அப்புறம் தேர்வு. இதையெல்லாம் தாண்டிய பிறகும், வேலை பார்க்கும் மாநிலத்தில் தனி உரிமம் தேவையா என்று பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும்.

பிரிட்டனில் தனியாகத் தேசியத் தேர்வு கிடையாது. எச்சிபிசி ஒப்புதல் பெற்ற இளநிலைப் படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டு. ஏற்கெனவே உயிர் அறிவியல் பட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சுமார் இரண்டு ஆண்டில் முடியும் முதுநிலைப் படிப்பு. இரண்டிலும் மருத்துவமனைப் பயிற்சி படிப்புக்குள்ளேயே வந்துவிடும், முடித்ததும் நேரே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் பயிலுநர் பட்டப்படிப்பும் அங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவர் முதல் ஓராண்டு தற்காலிக ஏபிடியாக, ஒரு மூத்தவரின் வழிகாட்டுதலில் இருப்பார். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு, பெரும்பாலான மாகாணங்களில் பொதுத் தேர்வு ஒன்றும் உண்டு.

ஒரு நாட்டில் படித்து இன்னொரு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் துளியாவது இருந்தால், படிக்கும் காலத்திலேயே ஒரு கோப்பு தொடங்கிவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டம், எத்தனை வகுப்பு மணிநேரம், எத்தனை ஆய்வக மணிநேரம், பயிற்சியில் எந்த வார்டில் எத்தனை மணிநேரம், மேற்பார்வையாளரின் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பதிவு அமைப்புகள் கேட்பது இதைத்தான். பத்து வருடம் கழித்துக் கல்லூரிக்குப் போய் அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தைக் கேட்டால், யாருக்கும் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

படி 3: தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் பயப்படாதீர்கள்

அமெரிக்கப் பதிவுத் தேர்வு கணினியில் நடக்கும். உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். குறைந்தது 125, அதிகபட்சம் 145 கேள்விகள். ஒருமுறை விடை கொடுத்துவிட்டால் பின்னால் போய்த் திருத்த முடியாது. கேள்விகளில் பெரும்பங்கு நோயாளிப் பராமரிப்பைப் பற்றியது. மாணவர்கள் இடறுவது அங்கே அல்ல, சமையலறை நிர்வாகப் பகுதியில்தான். ஆள்கணக்கு, கொள்முதல், சரக்கிருப்பு, ஒரு தட்டுக்கான செலவு, உணவுப் பாதுகாப்பு. "நான் மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறேன், இது எதற்கு?" என்று அந்தப் பாடங்களை ஓரங்கட்டியவர்கள் தேர்வறையில் விழிப்பார்கள்.

தேர்வு இல்லாத நாடுகளில் அதற்குப் பதிலாகப் பயிற்சிக் கால மதிப்பீடு இருக்கும். அதில் தேறாமல் பட்டம் கிடைக்காது. எனவே எந்த வழியில் போனாலும் உண்மையான வடிகட்டி அடுத்த படிதான்.

படி 4: பயிற்சி மணிநேரங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், வார்டில் முதல் வாரம் எல்லோருமே திணறுவார்கள். வகுப்பில் நோயாளிக்கு ஒரு நோய். வார்டில் ஒரே ஆளுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஆறாத புண், பசியின்மை, கூடவே ஏழெட்டு மருந்து.

பயிற்சி பொதுவாக மூன்று இடங்களில் நடக்கும்: மருத்துவமனை வார்டுகளும் புறநோயாளர் பிரிவும், சமூகச் சுகாதாரப் பணி, பெரிய அளவில் உணவு சமைத்து வழங்கும் சமையலறை. மணிநேரத்தில் அதிகம் மருத்துவமனைக்குப் போகும்.

அங்கே என்ன செய்யச் சொல்வார்கள்? ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எடை 60 கிலோ, வாயால் சாப்பிட முடியாது, மூக்கு வழியே குழாய் போட்டிருக்கிறார்கள். மாணவர் கணக்குப் போடுகிறார். கிலோவுக்கு 30 கிலோகலோரி என்றால் நாளுக்கு 1800. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் 72 கிராம். கையில் இருக்கும் திரவ உணவு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கிலோகலோரி, லிட்டருக்கு 40 கிராம் புரதம். ஆக 1800 மி.லி. கொடுத்தால் ஆற்றலும் சரி, புரதமும் சரியாக 72. நாளில் 20 மணிநேரம் ஓடவிட்டால் மணிக்கு 90 மி.லி. அடுத்து தண்ணீர். இப்படிப்பட்ட திரவ உணவில் ஏறக்குறைய 84 சதவீதம் தண்ணீர், அதாவது 1500 மி.லி. சொச்சம். கிலோவுக்கு 30 மி.லி. வீதம் தேவை 1800. குறையும் சுமார் 290 மி.லி.யைக் குழாயைக் கழுவிவிடும் தண்ணீராகப் பிரித்துக் கொடுக்கலாம், மருந்தோடு போகும் தண்ணீரையும் அதில் கழித்துக்கொண்டு.

நல்ல விடை. இப்போது மேற்பார்வையாளர் கேட்பார்: "நோயாளிக்கு புரோபோஃபால் ஓடுகிறதே, பார்த்தாயா?" மயக்கத்துக்குக் கொடுக்கும் அந்த மருந்து கொழுப்புக் கரைசலில் வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் 1.1 கிலோகலோரி. மணிக்கு 10 மி.லி. வீதம் நாள் முழுக்க ஓடினால் 264 கிலோகலோரி, நாம் எழுதாமலே உள்ளே போகிறது. அதைக் கழித்து உணவைக் குறைத்தால் 1536 மி.லி. ஆற்றல் சரியாகிவிடும், ஆனால் புரதம் 61 கிராமுக்கு இறங்கிவிடும். புரதம் கூடுதலாக உள்ள வேறு திரவ உணவுக்கு மாற்ற வேண்டும், அல்லது புரதப் பொடியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மருந்து அட்டையைப் படிக்காமல் உணவு எழுதக் கூடாது என்பது இப்படித்தான் மனதில் பதிகிறது. ஆயிரம் மணிநேரம் எதற்கு என்பதற்கும் இதுவே பதில்.

அடுத்தது எழுதும் முறை. அமெரிக்க உணவியல் சங்கம் 2003இல் ஏற்றுக்கொண்ட நான்கு கட்ட ஊட்டச்சத்துப் பராமரிப்பு முறையை இன்று பல நாடுகளில் கற்றுத்தருகிறார்கள்: மதிப்பிடு, பிரச்சினையைக் கண்டறி, தலையிடு, தொடர்ந்து கவனி. இதில் இரண்டாவது கட்டம்தான் மாணவர்களைப் படுத்தும். புற்றுநோய் நோயாளியைப் பார்த்துவிட்டு, பிரச்சினை என்ற இடத்தில் 'புற்றுநோய்' என்று எழுதுவார்கள். அது மருத்துவரின் நோயறிதல். டயட்டீஷியன் எழுத வேண்டியது தன்னால் மாற்றக்கூடிய ஒன்றை: "ஆற்றல் போதிய அளவு உட்கொள்ளப்படவில்லை, காரணம், கீமோதெரபிக்குப் பின் வந்த குமட்டலும் வாய்ப்புண்ணும், சான்று, ஒரு மாதத்தில் எடை 62 கிலோவிலிருந்து 57 ஆனதும், தேவையில் பாதியளவே சாப்பிடுவதும்." மூன்று துண்டு: பிரச்சினை, காரணம், சான்று. காரணத்தைச் சரியாக எழுதிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். வாய்ப்புண் காரணமென்றால் மிருதுவான, காரமில்லாத, ஆறிய உணவு. குமட்டல் என்றால் வாந்தியைத் தடுக்கும் மருந்தை எப்போது கொடுக்கிறார்கள், சாப்பாட்டு வேளை எப்போது என்று செவிலியரிடம் பேச வேண்டும்.

கைத்திறன்களும் உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கான உணவுப் பதத்தை 'இட்சி' என்ற பன்னாட்டு அளவுகோல் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. கெட்டியாக்கிய பானம் எந்த நிலை என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 மி.லி. சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 வினாடி ஓடவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 வரை என்றால் நிலை 2, 8க்கு மேல் என்றால் நிலை 3. சிரிஞ்சின் நீளம் தவறினால் அளவே தவறிவிடும் என்பதால் அதையும் அளந்து பார்க்கச் சொல்வார்கள்.

சமையலறைப் பயிற்சியைத் தண்டனை போல நினைக்காதீர்கள். நீங்கள் எழுதிய உணவு தட்டில் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கும் ஒரே வாய்ப்பு அது. உப்புக் குறைந்த உணவு என்று கணினியில் பதிந்திருக்கும், பரிமாறும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே குழம்புப் பாத்திரமாக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்த டயட்டீஷியன் எழுதும் குறிப்பே வேறு மாதிரி இருக்கும். சூடான உணவு எந்த வெப்பத்தில் இருக்க வேண்டும், எங்கே கட்டுப்பாடு தவறினால் ஆபத்து என்று பகுத்துப் பார்க்கும் ஹசாப் முறையின் ஏழு கோட்பாடுகளையும் அங்கேதான் ஒழுங்காகக் கற்கிறோம்.

பேச்சும் பயிற்சிதான். ஒருவர் நேற்று முழுக்கச் சாப்பிட்டதைக் கேட்டு எழுதுவது எளிது போலத் தோன்றும். முதல் சுற்றில் கேட்டால் மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் வரும். நடுவில் குடித்தது, வேலை செய்துகொண்டே கொறித்தது, குழந்தை தட்டில் மிஞ்சியது, எல்லாம் இரண்டாவது மூன்றாவது சுற்றில்தான் வரும். "இனிப்பு சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "சாப்பிட்ட பிறகு வாய்க்கு என்ன போட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். குற்றம் கண்டுபிடிக்கும் குரல் வந்துவிட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார். இதற்காகவே ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கச் சிகிச்சைக்காக எழுதியது அது. பின்னால் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார்.

படி 5: இந்தப் பயிற்சிக்குத் தயார் செய்யும் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் கல்லூரிக்கு வருகிறோம். உணவியல் பட்டம் என்றால் சமையலும் கலோரிக் கணக்கும் என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் ஆண்டு ஓர் அதிர்ச்சி. கரிம வேதியியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல். இவற்றில் உயிர்வேதியியலை மட்டும் மனப்பாடம் செய்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பல நாள் பட்டினி கிடந்த ஒருவர் வருகிறார். பார்த்த மாத்திரத்தில் நிறையச் சாப்பாடு கொடுக்கத்தான் தோன்றும். பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும். திடீரென மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் பாயும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயம் தடுமாறும், மூச்சுத் தசை தளரும், உயிரே போகலாம். தயமின் என்ற வைட்டமின் பி1 இருப்பும் சட்டென்று தீரும். மறு ஊட்ட நோய்க்குறி என்று இதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் இது கவனிக்கப்பட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' அமைப்பு 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் தொடங்காதீர்கள் என்கிறது. 45 கிலோ ஆளுக்கு வெறும் 450 கிலோகலோரி. பசியோடு இருப்பவருக்கு இவ்வளவு குறைவாக எழுத தைரியம் வேண்டும். வளர்சிதை மாற்றச் சுழற்சி தலையில் தெளிவாக இருந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

மருந்தியலும் இப்படித்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவரிடம் "கீரையே தொடாதீர்கள்" என்று சொல்வது எளிது, ஆனால் தவறு. அந்த மருந்தின் வேலையை எதிர்ப்பது கீரையில் உள்ள வைட்டமின் கே. அது நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் ஒரே சீராக வந்தால் அதற்கேற்ப மருத்துவர் மருந்தளவை வைத்துக்கொள்வார். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவருக்கு பி12 குறையலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உணவு வேதியியல், சமூகவியல், கல்வி முறைகள் போன்ற பாடங்களும் இருக்கும். அவை தாமே புரிந்துவிடும், விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் இல்லாத விஷயங்களைக் கேளுங்கள். பதிவு அமைப்பின் அங்கீகாரம் இன்றைய தேதியில் செல்லுபடியாகிறதா, எந்த ஆண்டு வரை? இதைக் கல்லூரியின் வார்த்தையை வைத்து நம்பாமல், பதிவு அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது அங்கீகாரம் அல்ல. பயிற்சி இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேட வேண்டுமா? எனக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வியாகப் படுகிறது, ஏனென்றால் இடம் கிடைக்காமல் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எந்த மருத்துவமனைகள், அங்கே தீவிர சிகிச்சையும் குழந்தைகள் பிரிவும் உண்டா? பதிவுத் தேர்வு உள்ள நாடென்றால் கடந்த சில ஆண்டுகளின் தேர்ச்சி விகிதம் என்ன? கடைசியாக, முடித்துப் போன இரண்டு பேரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

இணையவழிப் படிப்பு? பாடங்களை வீட்டிலிருந்து படிக்கலாம், அங்கீகாரம் உள்ள இணையவழித் திட்டங்களும் இருக்கின்றன. பயிற்சி மணிநேரங்களை மட்டும் வீட்டிலிருந்து முடிக்க முடியாது. சில வாரங்களில் 'சான்றளிக்கப்பட்ட டயட்டீஷியன்' ஆக்குகிறோம் என்று எங்காவது பார்த்தால், அந்தச் சான்றிதழை எந்தப் பதிவேடு ஏற்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 6: சிறப்புத் துறையை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்

விளையாட்டு வீரர்களுக்கு டயட்டீஷியன் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் இப்போது அதிகம். நல்லதுதான். ஆனால் சிறப்புத் தகுதிகள் பதிவுக்குப் பின்னரே வருகின்றன. அமெரிக்காவில் சிறுநீரகம், குழந்தைகள், புற்றுநோய், விளையாட்டு போன்ற பிரிவுகளில் வாரியச் சான்று வாங்க, பதிவு பெற்றபின் அந்தத் துறையில் 2000 மணிநேர அனுபவம் கேட்பார்கள்.

கவர்ச்சியில்லாத துறைகளில்தான் ஆழமான வேலை இருக்கிறது என்பது என் கருத்து. வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கான கீட்டோஜெனிக் உணவைப் பாருங்கள். 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் முன்மொழிந்தது. அதன் கடுமையான வடிவத்தில் 4 கிராம் கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம். ஒவ்வொரு வேளையையும் தராசில் நிறுத்து, குழந்தை வளரத் தேவையான புரதமும் குறையாமல் திட்டம் போடுவது டயட்டீஷியன்தான். குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகளைக் குறைப்பது ஃபாட்மேப் உணவுமுறை. குடல் எரிச்சல் நோய்க்குறிக்கான அந்த முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு உருவாக்கியபோது, மருத்துவர் பீட்டர் கிப்சனுடன் முன்னணியில் இருந்தவர் சூ ஷெப்பர்ட். அவர் ஒரு டயட்டீஷியன்.

முதல் ஒன்றிரண்டு வருடம் பொது வார்டில் இருந்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். பதிவு என்பது ஒரு முறை வாங்கி வைத்துவிடும் காகிதமும் அல்ல. அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 75 அலகு தொடர்கல்வி காட்ட வேண்டும். பிரிட்டனில் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போது சிலரை எடுத்து என்ன கற்றுக்கொண்டாய் என்று ஆவணம் கேட்பார்கள்.

படி 7: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

பள்ளியில் இருப்பவர்களுக்கு வேதியியலும் உயிரியலும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை விட்டுவிடாதீர்கள். மேலே பார்த்த குழாய் உணவுக் கணக்கில் கடினமான கணிதம் எதுவும் இல்லை, ஆனால் நெருக்கடியில் தடுமாறாமல் விகிதமும் சதவீதமும் போட வர வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் பதிவு வரை பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டு, முதுநிலை கேட்கும் இடங்களில் ஐந்து முதல் ஆறு ஆண்டு ஆகும்.

உயிர்வேதியியல், உயிரி மருத்துவம் போன்ற பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டில் கொண்டு போய்விடும். செவிலியர், மருந்தாளர் போன்றவர்களுக்கு வார்டு பழக்கம் பெரிய பலம், ஆனால் உயிர்வேதியியல் மணிநேரம் போதுமா என்பதைப் பார்க்க வேண்டும். கலை, வணிகம், பொறியியல் படித்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. முன்தேவைப் பாடங்களாக வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகியவற்றைத் தனியாக முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதற்கு ஒன்று, சில சமயம் இரண்டு ஆண்டு பிடிக்கும். பழைய அறிவியல் பாடங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முடித்திருந்தால்தான் ஏற்போம் என்று சொல்லும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

இந்த நிலையில் இருப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் இணைத்து, குறிவைத்திருக்கும் இரண்டு மூன்று படிப்புகளின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தப் பாடங்கள் ஏற்கப்படும், எவை குறைகின்றன, குறைவதை எங்கே படித்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். தொலைபேசியில் "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாங்க" என்று சொல்வதை நம்பி எதையும் கட்டாதீர்கள். பதில் எழுத்தில் வரட்டும்.